உற்பத்தி நின்றுபோன கேமரா மவுண்டில் இனியும் பணம் போடலாமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் கேனான் இஓஎஸ் எம்50 இருக்கிறது. பள்ளி ஆண்டு விழா, காதணி விழா, வளைகாப்பு போன்ற சிறிய நிகழ்ச்சிகளைப் பகுதிநேரமாகப் படமெடுத்துக் கொடுத்து வருகிறேன். கேமரா பாடியோடு (உடல் பகுதியோடு) வந்த 15-45 லென்ஸ் மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. இப்போது தெரிந்தவர் ஒருவர் தம்முடைய எம் வரிசை லென்ஸ்களான 22 எம்எம் எஃப்/2, 32 எம்எம் எஃப்/1.4, 11-22 ஆகிய மூன்றையும் மொத்தமாகக் கொடுக்க முன்வந்திருக்கிறார். புதிதாக விற்றபோது இருந்த விலையில் பாதிக்கும் கீழேதான் கேட்கிறார்.

எனக்குள்ள தயக்கம் ஒன்றே. 2012இல் தொடங்கிய எம் வரிசையை 2023இல் கேனான் நிறுத்திவிட்டது. கடைசியாக வந்த பாடி 2020ஆம் ஆண்டின் எம்50 மார்க் 2 தான். ஏறக்குறைய 60,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை நின்றுபோன வரிசையில் போடுவது அறிவுடைமையா, அல்லது இருப்பதை விற்றுவிட்டு கேனானின் இன்றைய ஆர் வரிசையில் ஆர்50 போன்ற ஒன்றுக்கு மாறி, லென்ஸ்களை மெல்ல மெல்ல வாங்குவது நல்லதா? இதேபோன்ற நிலையைக் கடந்து வந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வதற்கு முன், அந்த மூன்று லென்ஸ்களும் வேறு எந்த பாடியில் வேலை செய்யும் என்று பார்த்துவிட வேண்டும். ஒரு லென்ஸின் பிற்காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லென்ஸைப் பொருத்தும் மவுண்ட் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம்தான். கேனானின் பழைய இஎஃப் மவுண்டில் அது 44 மில்லிமீட்டர். உங்கள் எம் வரிசையின் இஎஃப்-எம் மவுண்டில் 18. இன்றைய ஆர் வரிசையின் ஆர்எஃப் மவுண்டில் 20. தூரம் அதிகமுள்ள மவுண்டின் லென்ஸைத் தூரம் குறைந்த பாடியில் பொருத்துவது எளிது, ஏனென்றால் நடுவில் ஒரு வெற்றுக் குழாயை வைத்து மிச்சமுள்ள இடைவெளியை நிரப்பிவிடலாம். இஎஃப் லென்ஸ்கள் எம் வரிசையிலும் ஆர் வரிசையிலும் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்வதற்கு இதுவே காரணம். இஎஃப்-எம் லென்ஸை ஆர் வரிசையில் பொருத்த வேண்டுமென்றால் அது 2 மில்லிமீட்டர் பாடிக்கு உள்ளே போய் உட்கார வேண்டியிருக்கும். அப்படி உட்கார வழியில்லாததால் தொலைவில் உள்ள எதன் மீதும் ஃபோகஸ் கிடைக்காது.

ஆகவே எம் வரிசைக்காரர்களின் பணம் இரண்டு வகையாகப் பிரிந்து போயிற்று. அடாப்டர் என்னும் அந்தக் குழாயை வைத்து இஎஃப் லென்ஸ் வாங்கியவர்கள் அதை அப்படியே ஆர் வரிசைக்குக் கொண்டுபோகலாம். எம் வரிசைக்கென்றே வந்த எட்டு லென்ஸ்களில் எதை வாங்கியிருந்தாலும் அது எம் பாடியோடு முடிந்துவிடும். சோனியின் இ மவுண்டும் அதே 18 மில்லிமீட்டர் என்பதால் அங்கும் இடமில்லை.

கேனானின் வரலாற்றில் இது முதல் முறையும் அன்று. 1971இல் வந்த எஃப்டி மவுண்டை நம்பி ஒரு தலைமுறையே லென்ஸ் சேர்த்திருந்தது. 1987இல் இஓஎஸ் 650 வந்தபோது கேனான் இஎஃப் மவுண்டுக்கு முற்றாக மாறியது. எஃப்டியின் தூரம் 42 மில்லிமீட்டர், இஎஃப்பின் தூரம் 44 மில்லிமீட்டர் என்பதால், நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் பழைய லென்ஸ்களைப் புதிய பாடியில் முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை. பத்திரிகைப் படக்காரர்கள் பலர் அந்தக் கோபத்தில் நிக்கானுக்கு மாறியதாகச் சொல்வார்கள். ஆனால் 2008க்குப் பிறகு உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் பாடிகள் வந்ததும், செத்துப்போனதாகக் கருதப்பட்ட அதே எஃப்டி லென்ஸ்களுக்கு மீண்டும் உயிர் வந்தது. சோனி பாடியில் 24 மில்லிமீட்டர் இடம் மிச்சமிருக்கிறது. விலை குறைந்த அலுமினியக் குழாய் ஒன்று போதும். அப்பர்ச்சரும் (ஒளி நுழையும் துளை) ஃபோகஸும் லென்ஸிலேயே கையால் திருப்பும் வளையங்களாக இருந்ததால் மின்தொடர்பு எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் 32 எம்எம் லென்ஸில் அப்படியில்லை. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே எந்தக் கண்ணாடியும் நகராது. பாடியிலிருந்து மின்சாரமும் கட்டளையும் வந்தால்தான் அது லென்ஸாக வேலை செய்யும். பழைய நிக்கார் ஏஐ 50 எம்எம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதன் அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பினால், எந்த கேமராவும் இல்லாமலே தகடுகள் சுருங்கி விரிவதைக் கண்ணால் காணலாம். இந்த இரண்டு லென்ஸ்களும் ஒரே விலைக்குக் கிடைத்தாலும், அந்தப் பணத்துக்கு உள்ள ஆபத்து ஒன்றல்ல.

---

ஆல்பம்காரர் எழுதியது:

கண்ணாடிப்பெட்டி சொல்வது சரியான விளக்கம். ஆனால் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் வேறொரு கோணத்தையும் சொல்ல வேண்டும். திருமணப் படத் தொழிலில் கேமராவை யாரும் சொத்தாக வாங்குவதில்லை. வேலைக்கான செலவாகத்தான் வாங்குகிறோம். பொருநைக்கரைக்குக் கிடைக்கும் மூன்று லென்ஸ்களும் ஏற்கெனவே விலை இறங்கியவை. புதிய வரிசையில் முதல் ஆண்டில் இறங்கும் விலையை முந்தைய உரிமையாளர் சுமந்துவிட்டார். இனி இறங்கினாலும் எவ்வளவு இறங்கிவிடும்?

மவுண்ட் உயிரோடு இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதல் இருப்பது. என் ஸ்டுடியோவில் 85 எம்எம் எஃப்/1.4டி, 80-200 எஃப்/2.8டி ஆகிய இரண்டும் டி850இல் இன்றும் நன்றாக உழைக்கின்றன. அவற்றில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியில் உள்ள மோட்டார் ஒரு சிறு திருகுத்தண்டு வழியாக லென்ஸைச் சுழற்றும். நிக்கான் 2018இல் இசட் வரிசையைக் கொண்டுவந்து எஃப்டிஇசட் அடாப்டரையும் கொடுத்தபோது, மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் கிடைத்தது; திருகுத்தண்டு லென்ஸ்களுக்குக் கிடைக்கவில்லை. தாலி கட்டும் நொடியில் கையால் ஃபோகஸ் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே காகிதத்தில் ஒத்துப்போகும் லென்ஸாக இருந்தும், புதிய பாடியில் என் வேலைக்கு அவை பயன்படாமல் போயின. அடாப்டர் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால், அதில் எந்தெந்த வசதி மிஞ்சும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

---

நெடுவாடை எழுதியது:

இந்த இழையில் சாம்சங்கின் என்எக்ஸ் கேமரா வரிசை பற்றி யாரும் இன்னும் பேசாததால் நான் எழுதுகிறேன். இந்த ஆபத்துக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

சாம்சங் 2010இல் என்எக்ஸ்10 மூலம் இந்தச் சந்தைக்குள் வந்தது. முதல் சில மாடல்கள் சுமாரானவை. 2014 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஃபோட்டோகினா கண்காட்சியில் என்எக்ஸ்1 அறிவிக்கப்பட்டபோது நிலைமை மாறியது. 28 மெகாபிக்சல் பின்னொளி சென்சார், பாடிக்குள்ளேயே 4கே பதிவு, வேகமான ஆட்டோஃபோகஸ் என்று அந்த ஆண்டில் அந்த அளவு சென்சாருக்கு வேறு எந்த நிறுவனமும் அதற்கு இணையாக எதையும் விற்கவில்லை. 16-50 எஃப்/2-2.8, 50-150 எஃப்/2.8 ஆகிய இரண்டு எஸ் வரிசை ஜூம் லென்ஸ்களும் அதே காலத்தில் வந்தன. 300 எம்எம் எஃப்/2.8 லென்ஸின் மாதிரியையும் கண்காட்சியில் வைத்தார்கள். ஒரு நிறுவனம் இவ்வளவு முதலீடு செய்தால் பல ஆண்டுகள் தங்கப் போகிறது என்றுதான் எவரும் எண்ணுவார்கள்.

2015 பிப்ரவரியில் என்எக்ஸ்500 வந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்பனையை நிறுத்துவதாகச் செய்தி வந்தது. அந்த 300 எம்எம் லென்ஸ் கடைக்கு வரவே இல்லை. கேமராத் தொழிலை விட்டுவிட்டோம் என்று சாம்சங் வாடிக்கையாளர்களைக் கூட்டிச் சொன்ன ஒரு நாள் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும் கடை அலமாரி காலியாயிற்று, இணையதளத்தில் பக்கங்கள் மறைந்தன, அவ்வளவுதான். முதன்மை கேமரா அறிவிக்கப்பட்டு ஏறக்குறைய ஓராண்டில் ஒரு வரிசை முழுவதும் முடிந்துபோயிற்று.

எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது லென்ஸ்களின் கதிதான். 85 எம்எம் எஃப்/1.4 போன்றவை எந்த நிறுவனத்தின் லென்ஸுக்கும் சளைத்தவை அல்ல. என்எக்ஸ் மவுண்டின் தூரம் 25.5 மில்லிமீட்டர், சோனி பாடியில் பொருத்த 7.5 மில்லிமீட்டர் இடமும் இருக்கிறது. ஆனால் அப்பர்ச்சரும் ஃபோகஸும் மின்கட்டளையால் மட்டுமே இயங்குகின்றன. அந்தக் கட்டளை மொழியைச் சாம்சங் வெளியிடவில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் முழுமையான அடாப்டர் எதையும் நான் கண்டதில்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் இறைக்கக் கயிறு இல்லாத நிலைமை இது. எஃப்டிக்கு நடந்த மறுபிறவி என்எக்ஸுக்கு ஏன் நடக்கவில்லை என்பதற்கு, கண்ணாடிப்பெட்டி மேலே சொன்ன வளையங்களே விடை.

என்எக்ஸ்1 இன்றும் நல்ல படம் எடுக்கும் என்பதை மறுக்கவில்லை. அதை வைத்திருப்பவர்கள் பாடி பழுதாகிவிடக் கூடாதே என்ற கவலையோடு மாற்று பாடி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்த மாற்று பாடிக்கான விலையும் அந்த வரிசையில் நுழைந்ததற்கான செலவுதான். பழைய விளம்பரங்களில் மலிவாகத் தெரியும் விலையோடு இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

---

பொருநைக்கரை எழுதியது:

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. ஒரு வரிசை நிற்கப் போகிறது என்பதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள் ஏதேனும் உண்டா? இப்போது ஆர் வரிசைக்கு மாறினாலும் அதே கதை பத்து ஆண்டுகளில் திரும்ப நடக்காது என்பதற்கு என்ன உறுதி?

---

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

உறுதி எதுவும் இல்லை. அறிகுறிகள் உண்டு; அவை எப்போதும் நம்பத்தக்கவை அல்ல.

எம் வரிசையில் அறிகுறிகள் வெளிப்படையாகவே இருந்தன. 32 எம்எம் லென்ஸ் 2018இல் வந்தது. அதற்குப் பிறகு கேனான் அந்த மவுண்டுக்குப் புதிய லென்ஸே கொண்டுவரவில்லை. அதே ஆண்டில்தான் ஆர்எஃப் மவுண்ட் அறிமுகமானது. 2020இல் வந்த எம்50 மார்க் 2 முதல் எம்50இலிருந்து பெரிதாக மாறவில்லை. 2022 மே மாதம் ஆர்7, ஆர்10 என்று அதே அளவு சென்சாரை ஆர்எஃப் மவுண்டில் கேனான் கொடுத்தபோது, ஒரே நிறுவனத்தில் ஒரே அளவு சென்சாருக்கு இரண்டு மவுண்டுகள் நீடிக்காது என்பது யாருக்கும் விளங்கியிருக்கும். நிக்கான் 1 வரிசையும் அப்படியே. 2011இல் தொடங்கியது, 2015இல் ஜே5 வந்தது, பிறகு மூன்று ஆண்டுகள் அமைதி, 2018இல் முடிவு. பறவைப் படக்காரர்கள் மிகவும் விரும்பிய 70-300 லென்ஸ் ஒன்று அந்த வரிசையில் இருந்தது. அவ்வளவு சிறிய உடம்பில் அவ்வளவு தொலைவை எட்டும் லென்ஸ் கிடைப்பது அரிது. இன்று அதைப் பொருத்துவதற்குப் பழைய நிக்கான் 1 பாடிகளை விட்டால் வேறு வழியில்லை.

சாம்சங் இந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. அங்கே புதிய லென்ஸ்களும் முதன்மை கேமராவும் வந்த வேகத்தைப் பார்த்தால் அது வளரும் வரிசை என்றே தோன்றியது. ஆகையால் பொருட்கள் வரும் வேகத்தை மட்டும் பார்ப்பது போதாது. அந்த நிறுவனத்துக்குக் கேமரா எவ்வளவு முக்கியம் என்பதையும் பார்க்க வேண்டும். சாம்சங்குக்குக் கைப்பேசியும் நினைவகச் சில்லும்தான் வாழ்வு. ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபா வெளியிடும் கணக்குப்படி 2010இல் ஏறக்குறைய 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அப்படிச் சுருங்கும் சந்தையில் பெரிய நிறுவனம் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பெரிய நிறுவனத்துக்கு விட்டுவிட்டுப் போவது எளிது.

இன்னொரு அளவுகோலையும் நான் பார்ப்பதுண்டு. ஒரு மவுண்டை எத்தனை நிறுவனங்கள் நம்பி இருக்கின்றன? என்எக்ஸில் பாடி தயாரித்தது ஒரே நிறுவனம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மவுண்டில் பானசானிக்கும் ஓஎம் சிஸ்டமும் (முன்னாள் ஒலிம்பஸ்) பாடி தயாரிக்கின்றன. எல் மவுண்டில் லைக்கா, பானசானிக், சிக்மா மூன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விலகினாலும் லென்ஸ் அநாதையாகாது.

---

மழைக்கால் எழுதியது:

ஒலிம்பஸ் வைத்திருப்பவன் என்ற முறையில் இதன் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வரிசை நின்றுவிடும் என்ற அச்சத்தாலும் மக்கள் பணத்தை இழக்கிறார்கள்.

2020 ஜூன் மாதம் ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப் போவதாக அறிவித்தது. அன்றைக்கே பல தளங்களில் ஒலிம்பஸ் முடிந்தது என்று எழுதினார்கள். நான் அறிந்த சிலர் அந்த வாரத்திலேயே கிடைத்த விலைக்கு லென்ஸ்களை விற்றார்கள். 2021 ஜனவரி முதல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் தொழில் தொடர்ந்தது. 2022 பிப்ரவரியில் ஓஎம்-1 வந்தது. அதன் பிறகும் பாடிகளும் லென்ஸ்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவசரப்பட்டு விற்றவர்களின் லென்ஸ்களைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் இன்றும் அவற்றில் படமெடுக்கிறார்கள்.

மினோல்டாவின் கதையும் அத்தகையது. 1985இல் மினோல்டா 7000 கொண்டுவந்த மவுண்ட் அது. கோனிகா மினோல்டா 2006 ஜனவரியில் கேமராத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது எல்லாம் முடிந்ததாகத் தோன்றியது. அதே ஆண்டு ஜூன் மாதம் சோனி அந்த மவுண்டிலேயே ஆல்ஃபா 100ஐக் கொண்டுவந்தது. 2016இல் ஏ99 மார்க் 2 வரை அது தொடர்ந்தது. ஆக, நின்றுபோகும் என்று சொல்லப்பட்ட நாளுக்கும் அந்தக் கடைசி பாடி வந்த நாளுக்கும் இடையே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இருந்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் ஒருவர் எத்தனை படங்கள் எடுத்திருப்பார்!

---

நெடுவாடை எழுதியது:

மழைக்கால் அவர்களே, உங்கள் கருத்தை முழுமையாக ஏற்க இயலவில்லை. நீங்கள் காட்டும் இரண்டு உதாரணங்களிலும் வேறொருவர் வந்து வாங்கிக்கொண்டார். வாங்குவதற்கு ஆள் வருவார் என்பதை நம்பி நாம் பணம் போட முடியுமா? ஒலிம்பஸின் பழைய ஃபோர் தேர்ட்ஸ் வரிசையையே பாருங்கள். 2003இல் இ-1 மூலம் தொடங்கிய வரிசை அது. 2010இல் வந்த இ-5க்குப் பிறகு அந்த மவுண்டில் புதிய பாடி வரவில்லை. அந்த லென்ஸ்கள் ஓரளவு வேகமாக ஃபோகஸ் செய்யும் மிரர்லெஸ் பாடியான இ-எம்1 வருவதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் விலையுயர்ந்த லென்ஸ்களை வைத்துக்கொண்டு, நிறுவனம் கைவிட்டதா இல்லையா என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு அந்த மூன்று ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

---

மழைக்கால் எழுதியது:

நியாயமான மறுப்பு. அந்தக் காத்திருப்பு கொடுமையானதுதான். ஆயினும் அங்கே ஒரு பாலம் கட்டப்பட்டது. எம் வரிசைக்கு அதுகூட இல்லை. அந்த வேறுபாட்டை ஏற்கிறேன்.

---

திருகாணி எழுதியது:

கேமரா பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இதுவரை எல்லோரும் மவுண்டைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். என் மேசைக்கு வரும் கேமராக்களைப் பார்த்தால், நின்றுபோன வரிசைக்காரரை முதலில் வீழ்த்துவது மவுண்ட் அன்று. உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய பட்டைதான்.

ஜூம் லென்ஸின் உள்ளே அப்பர்ச்சர் தகடுகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃப்ளெக்ஸ் கேபிள் ஒன்று உண்டு. ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில், தாளைவிடச் சற்றே தடித்ததாக இருக்கும். ஜூம் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. ஒரு நாள் அந்த மடிப்பில் உள்ள செப்புக் கோடு அறுந்துவிடும். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கும்போது படம் வரும். சுருக்கினால் கேனானில் எர்ர் 01 என்று காட்டும். லென்ஸுக்கும் பாடிக்கும் தொடர்பு அறுந்தது என்பது அதன் பொருள். சில சமயம் மவுண்டின் தங்கப் புள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். ஃப்ளெக்ஸ் அறுந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். உற்பத்தியில் உள்ள வரிசையானால் அந்தத் துண்டு கிடைக்கும். உற்பத்தி நின்றபின் நிறுவனங்கள் உதிரிபாகங்களைச் சில ஆண்டுகள்தான் இருப்பில் வைத்திருக்கும். அதன் பிறகு வேறொரு செத்த லென்ஸிலிருந்து கழற்றித்தான் போட முடியும். அதிகம் விற்ற மாடலுக்கு நன்கொடை லென்ஸ் கிடைக்கும். குறைவாக விற்றதற்குக் கிடைக்காது. அந்த வகையில் எம்50 நம் ஊர்களில் காணொளி எடுப்பவர்களிடம் ஏராளமாகப் புழங்கியது என்பது பொருநைக்கரைக்குச் சாதகமான செய்தி. என்எக்ஸ்1 வைத்திருப்பவருக்கு என்னால் அதே நம்பிக்கையைக் கொடுக்க முடியாது.

சர்வீஸ் சென்டர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளர் நின்றுபோன வரிசை பாடி ஒன்றை ஓர் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் கொடுத்திருந்தார். பாகம் வரும், வரும் என்று பல வாரங்கள் சொல்லிவிட்டு, கடைசியில் கழற்றிய நிலையிலேயே திருகுகளை ஒரு சிறு பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்த நிறுவனம் என்று சொல்வது இங்கே தேவையில்லை. பாகம் கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி வாங்காமல், நின்றுபோன மாடலை எங்கும் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

பொருநைக்கரை தம்பி, நீங்கள் வாங்குவதானால் நேரில் சென்று பாருங்கள். மூன்று லென்ஸ்களிலும் எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். எர்ர் வருகிறதா என்று தெரிந்துவிடும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைகிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில் உலர்பெட்டியில் வைக்காத லென்ஸ்களில் பெரும்பாலும் இருக்கும். அதை வாங்க வேண்டாம். 11-22இல் மடக்கி வைக்கும் பூட்டு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து மூடி, முன்குழல் ஆடுகிறதா என்று பாருங்கள். செங்கல் சுவருக்கு நேராக நின்று ஒரு படம் எடுத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது.

---

ஆல்பம்காரர் எழுதியது:

திருகாணியின் பதிவைப் படித்தபின் என் கணக்கைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். மொத்தமாக வாங்குவதைவிட, எந்த லென்ஸ் சம்பாதிக்கும் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. மண்டபத்து வெளிச்சத்தில் வேலை செய்பவருக்கு 22உம் 32உம் சில நிகழ்ச்சிகளிலேயே தம் விலையை ஈட்டிக் கொடுத்துவிடும். அதன் பிறகு மவுண்ட் நின்றாலும் நட்டமில்லை. 11-22 அப்பர்ச்சர் குறைந்தது. இருட்டில் உங்களுக்கு இப்போதுள்ள சிக்கலை அது தீர்க்காது. அதற்குப் போகும் பணத்தை ஆர் வரிசைக்கும் வரக்கூடிய ஒரு இஎஃப் லென்ஸில் போடலாம். 85 எம்எம் எஃப்/1.8, அல்லது 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் இரண்டும் செகண்ட் ஹேண்டில் எளிதாகக் கிடைப்பவை. மேடையில் நிற்பவரின் முகத்தை எடுக்க எம்50இன் சென்சாருக்கு நன்றாகப் பொருந்துபவை.

---

கண்ணாடிப்பெட்டி எழுதியது:

இதை வழிமொழிகிறேன். ஆர்50க்கு உடனே மாறினால் 60,000 ரூபாயில் பெரும்பகுதி பாடிக்கே போய்விடும். மண்டபத்துக்கு வேண்டிய லென்ஸ் கையில் இருக்காது. உங்கள் குறை லென்ஸில் இருக்கிறதே தவிர பாடியில் இல்லை. 4கே காணொளி தேவைப்படும் வேலைகளை ஏற்பதானால் மட்டும் இந்தக் கருத்து மாறும். எம்50 4கே எடுக்கும்போது காட்சியை மேலும் குறுக்கிவிடுகிறது. அதன் சிறப்பான டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும் அப்போது வேலை செய்வதில்லை.

---

பொருநைக்கரை எழுதியது:

காணொளி வேலைகள் என்னிடம் குறைவு. வந்தாலும் சாதாரண எச்டி போதும் என்றே கேட்கிறார்கள். ஆகவே 22, 32 இரண்டையும் மட்டும் பேசி வாங்கிக்கொண்டு, மீதியில் இஎஃப் 85 எஃப்/1.8உம் அடாப்டரும் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். திருகாணி அண்ணனிடம் இரண்டு கேள்விகள் உண்டு. அடாப்டர் கேனானுடையதே வேண்டுமா, வேறு நிறுவனத்தினுடையது போதுமா? பாட்டரி இனி கிடைக்காமல் போய்விடுமா?

---

திருகாணி எழுதியது:

கேனானுடைய இஎஃப்-இஓஎஸ் எம் அடாப்டர் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாததால் பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. தங்கப் புள்ளிகள் தேயாமல் இருக்கின்றனவா, பூட்டுப் பொத்தான் நன்றாகத் தெறித்து எழும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு நிறுவனத்து அடாப்டரும் வேலை செய்யும். ஆனால் உங்கள் லென்ஸையும் பாடியையும் கையோடு கொண்டுபோய், பொருத்தியபின் மெதுவாகத் திருகிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 85 எம்எம் போன்ற கனமான லென்ஸைப் பிடிக்கும்போது எடை முழுவதும் பாடியின் மவுண்டில் விழாதபடி இடக்கையால் லென்ஸைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பாட்டரி எல்பி-இ12 வகை. அது எம் வரிசைக்கு மட்டும் உரியதன்று. இஓஎஸ் 100டி முதலிய வேறு சில மாடல்களிலும் அதே பாட்டரிதான். ஆகவே இன்னும் சில காலம் கிடைக்கும். போலிகள் மிகுதி, பெட்டியைப் பார்த்து ஏமாறாமல், பாட்டரியின் எடையையும் ஒட்டியுள்ள எழுத்துகளின் அச்சுத் தரத்தையும் உங்களிடம் உள்ள அசல் பாட்டரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உபரியாக வாங்கி வைப்பதானால் இரண்டுக்கு மேல் வேண்டாம், பயன்படுத்தாமல் வைத்தாலும் அவற்றின் ஆயுள் குறையும். முழுதாக ஏற்றியும் வைக்காமல் முழுதாக இறக்கியும் வைக்காமல் பாதி அளவில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். எம்50இன் கடைசி ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) கோப்பையும் பயனர் கையேட்டையும் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும்போதே இறக்கி உங்கள் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். லென்ஸ்களைப் பார்க்கப் போகும் நாளைச் சொல்லுங்கள், எடுத்த சோதனைப் படங்களை இங்கே பதிவேற்றுங்கள். பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.